மீசைக்காரர் கூண்டில் ஏறிய எபிசோடு

"நிறுத்து" என்றார் அப்பா.

நான் டெக்கின் பொத்தானை அழுத்தினேன். திரையில் மீசைக்காரர் பாதி திறந்த வாயோடு நின்றார். அந்தக் காலத்து வீடியோ டெக்கில் படத்தை நிறுத்தினால் அது சும்மா நிற்காது. குறுக்கே இரண்டு வெள்ளைக் கோடுகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். முகம் குளிர் ஜுரம் கண்டதுபோல் நடுங்கிக்கொண்டே இருக்கும்.

அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். கைலி, பனியன், கையில் ஆறிப்போன காபி.

"இப்ப என்ன சொன்னான்?"

அது ஓர் ஆங்கில போலீஸ் தொடர். மீசைக்காரர் அதில் துப்பறியும் அதிகாரி. இந்த எபிசோடில் அவரே சாட்சிக் கூண்டில் ஏறி நிற்கிறார். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்ட கேள்விக்கு அவர் சொன்ன பதில் எனக்கு நன்றாகப் புரிந்திருந்தது. அதற்குள் நாலு தடவை பார்த்தாயிற்று, புரியாமல் என்ன?

"உண்மையைச் சொல்லிட்டாருப்பா" என்றேன்.

மீசைக்காரர் சொன்னது பொய். நான் சொன்னதும் பொய். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. கல்லூரியில் ஆங்கில இலக்கியம், இரண்டாம் வருடம். அப்பாவிடம் அதுவரை நான் பொய்யே சொன்னதில்லை என்று எழுத ஆசைதான். நிறையச் சொல்லியிருக்கிறேன். ஆனால் இன்னொரு மனிதரின் வாழ்க்கை அதில் தொங்கியது அந்த ஒரு தடவைதான்.

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

"மறுபடி போடு" என்றார்.

மாமா கொண்டுவந்த போலீஸ்

போன வாரம் போலீஸ் லைன் குழாயடியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "உங்கள் அப்பா போலீஸில் என்னவாக இருந்தார்?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். திருச்சியில் ஒரு ஸ்டேஷனில் ரைட்டர். எந்த ஸ்டேஷன் என்று சொல்லப் போவதில்லை. இன்று அங்கே இருப்பவர்களுக்கு இதில் சம்பந்தமில்லை.

ரைட்டர் என்பது ஏட்டு உத்தியோகம். லத்தி பிடிப்பதைவிடப் பேனா பிடிப்பது அதிகம். யார் என்ன புகார் கொடுத்தார், யாரை எத்தனை மணிக்குப் பிடித்தார்கள், எப்போது விட்டார்கள், எல்லாம் அவர் கையெழுத்தில்தான் இருக்கும். ஸ்டேஷனில் ஒரு விஷயம் நடந்ததா இல்லையா என்பதே ரைட்டர் எழுதினாரா இல்லையா என்பதைப் பொறுத்தது. இதை அப்பா பெருமையாகச் சொல்வார். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார். அது ஏன் என்பதுதான் இந்த வாரம்.

அம்மாவின் தம்பி சேவியர் மாமா சிங்கப்பூரில் வேலை பார்த்தார். ஒரு கிறிஸ்துமஸ் லீவுக்கு வரும்போது ஒரு சின்ன கலர் டி.வி.யையும் டெக்கையும் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் லைன் வீட்டில் இறக்கினார். கூடவே மூன்று கேசட். அந்த ஊர் டி.வி.யில் வந்த போலீஸ் தொடரை அவரே உட்கார்ந்து பதிவு செய்தது.

"அத்தானுக்குப் போலீஸ் கதைதானே புடிக்கும்" என்றார்.

மூன்று கேசட்டில் எட்டு எபிசோடு. நடுநடுவே சோப்பு விளம்பரம், நூடுல்ஸ் விளம்பரம். அப்போது டி.வி.யில் வருவது டெல்லியின் இந்திதான், அதில் எங்களுக்குச் செய்தி வாசிப்பவரின் புடவை மட்டுமே புரியும். அதனால் மீசைக்காரரையே திரும்பத் திரும்பப் பார்த்தோம். தொடரின் பெயரை யாரும் சொல்வதில்லை. "மீசைக்காரரைப் போடு" என்றால் போதும். அவருடைய மேலதிகாரிக்கு வழுக்கை என்று பெயர்.

அப்பாவுக்கு எழுத்து ஆங்கிலம் ஓரளவு வரும். வெள்ளைக்காரன் பேசினால் ஒரு வார்த்தை பிடிபடாது. நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வேன். எனக்குமே முதல் தடவை பாதிதான் புரியும். மூன்றாவது தடவையில் வண்டி சரியாக ஓடும்.

முதல் ஒரு மாதம் அப்பாவுக்கு அந்தத் தொடர் ஒரே எரிச்சல்.

"பாடியத் தொட்டுட்டான் பாரு. அங்க பாத்தத அப்படியே மகஜர்ல எழுதினானா? கையெழுத்துப் போட ரெண்டு சாட்சி வேணாமா?" என்பார். "இந்த ஊர்ல ஸ்டேஷனுக்கு ரைட்டரே கிடையாதாம்மா?"

"காமிக்க மாட்டாங்கப்பா. எழுதிக்கிட்டிருந்தா யாரு பாப்பாங்க?"

"ஆமா. எங்கள யாரு பாப்பா" என்று சொல்லிச் சிரிப்பார்.

கோர்ட்டில் சாட்சி சொல்ல அப்பாவுக்குச் சம்மன் வந்த நாளிலிருந்து அந்தச் சிரிப்பு நின்றது.

இரண்டு வரி

அதைச் சொல்வதற்கு முன் ஜெனரல் டைரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்டேஷனில் அன்றன்று நடப்பதை மணி போட்டு வரிசையாக எழுதும் பெரிய நோட்டு. நடுவில் இடம் விடக் கூடாது என்பது விதி. எங்கள் அப்பாவின் வழக்கம், ஒவ்வொரு நாள் முடிவிலும் இரண்டு வரி விடுவது.

"ரோந்து போனவன் லேட்டா வந்து ஒரு சேதி சொல்வான். அதைச் சொருக எடம் வேணாமா?" என்பார். ஒன்றும் வராவிட்டால் மறுநாள் காலையில் அந்த இரண்டு வரியிலும் குறுக்கே கோடு போட்டு அடைத்துவிடுவார். முப்பது வருடத்தில் கோடு போட மறந்ததில்லை. அவர் கையெழுத்தும் ஒரே மாதிரி இருக்கும், எந்த வரி எப்போது எழுதியது என்று கண்டுபிடிக்க முடியாது. அதனாலேயே எல்லா இன்ஸ்பெக்டருக்கும் அவரைப் பிடிக்கும்.

எழுபதுகளில் ஊருக்குள் பெரிய வெள்ளம் வந்தபோது நான் சின்னப் பெண். வீட்டில் முழங்கால் தண்ணீர். அம்மா என்னையும் அரிசிப் பானையையும் கட்டில்மேல் ஏற்றிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா வரவில்லை. ஸ்டேஷன் நோட்டுகளையெல்லாம் தார்ப்பாயில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு மேட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். எங்களைப் பக்கத்து வீட்டு ஏட்டுதான் வந்து தூக்கிப்போனார்.

அம்மா அதை வருடக்கணக்கில் மன்னிக்கவில்லை. எந்தச் சண்டை எங்கே ஆரம்பித்தாலும் அந்தத் தார்ப்பாயில்தான் வந்து முடியும்.

அப்படி நோட்டுகளைக் காப்பாற்றியவர்தான் பின்னால் அதே மாதிரி ஒரு நோட்டில் ஒரு தப்பைச் செய்தார்.

பெருக்குக்கு முந்தின நாள்

ஆடிப் பதினெட்டுக்குக் காவிரிப் படித்துறை எப்படி இருக்கும் என்று திருச்சிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மஞ்சள் கயிறு, காதோலை கருகமணி, புதுப்புடவை, நகை. கூட்டத்தில் திருட்டு நடக்கக் கூடாது என்று முந்தின நாள் சாயங்காலமே பழைய கேஸ் உள்ளவர்களைக் கூட்டிவந்து ஸ்டேஷனில் உட்காரவைப்பது அந்த நாளில் ஒரு வழக்கம். விசேஷம் முடிந்ததும் விட்டுவிடுவார்கள். இது எதுவும் எழுத்தில் வராது.

டெக் வருவதற்கு முந்தின ஆடியில் கூட்டிவந்த நாலைந்து பேரில் தனபால் ஒருவர். ஸ்ரீரங்கத்தில் பூக்கடை. இருபது வயதில் ஏதோ அடிதடியில் பெயர் எழுதப்பட்டவர். இப்போது நாற்பது தாண்டிவிட்டது, இரண்டு பெண்குழந்தைகள்.

அப்பா வழக்கம்போல் இரண்டு வரி விட்டு, "பேரை எழுதிடவாங்கய்யா?" என்று இன்ஸ்பெக்டரைக் கேட்டிருக்கிறார். "வேணாம் ரைட்டர், நாளைக்கு விட்டுடலாம்" என்று பதில் வந்திருக்கிறது.

மறுநாள் காலை படித்துறையில் ஓர் அம்மாவின் இரட்டைவடச் சங்கிலி போய்விட்டது. பெரிய இடத்து அம்மா. மேலே இருந்து போன்மேல் போன். சாயங்காலத்துக்குள் ஆளைக் காட்டியாக வேண்டும். மற்றவர்களை விட்டுவிட்டார்கள். தனபால் பின் அறையிலேயே இருந்தார்.

"மத்தியானம் ஒரு மணிக்கு பஸ் ஸ்டாண்டு கிட்ட புடிச்சதா எழுதுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

அப்பா எழுதினார். சங்கிலியை யாரோ முகம் தெரியாதவரிடம் விற்றுவிட்டதாகத் தனபால் சொன்ன வாக்குமூலத்தையும் அவரே எழுதினார். தனபால் அப்படி எதுவும் சொல்லவில்லை. சங்கிலி அறுபட்ட நேரத்தில் அவர் அப்பாவின் நாற்காலிக்குப் பத்தடி பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், லைன் வீட்டுக்குச் சமையலறைக் கதவு கிடையாது. பொங்கல் கழிந்து சம்மன் வந்த அன்று அப்பா அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். நான் கூடத்தில் பாடப் புத்தகத்தை விரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மா, "எழுதினதுதான் எழுதியாச்சு. அதையே போய்ச் சொல்லிட்டு வந்துருங்க. இன்னும் ஒரு வருஷம்தாங்க இருக்கு ரிட்டயராக" என்றாள்.

"இன்ஸ்பெக்டரய்யாவும் அதைத்தான் சொல்றாரு" என்றார் அப்பா.

"பின்ன என்ன?"

அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போவது கேட்டது.

சித்திரை வீதியில்

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயிலை விட்டு வெளியே வந்ததும், "ஸ்ரீரங்கம் வரைக்கும் ஒரு எட்டு போயிட்டு வரலாம், வரியா?" என்று அப்பா என்னைக் கேட்டார். எதற்கு என்று கேட்கவில்லை. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினோம். பாலம் வந்தபோது எல்லோரும் ஆற்றைப் பார்த்தார்கள், அப்பா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

சித்திரை வீதியில் ஒரு பூக்கடைக்கு எதிர்ச்சாரியில் போய் நின்றார். கடை என்றால் ஒரு மரப்பலகை, மேலே ஒரு சாக்குப் பந்தல். ஒல்லியான ஆள் ஒருவர் தலை குனிந்து மல்லி கட்டிக்கொண்டிருந்தார். ஜாமீனில் வந்த தனபால்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். யூனிஃபார்ம் இல்லாமல்கூட அடையாளம் தெரிந்துவிட்டது. மடியில் இருந்த பூ சிதற எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டை அவசரமாக எடுத்து இடுப்பில் கட்டியதை வீதியின் இந்தப் பக்கத்திலிருந்தே பார்த்தேன். எங்கள் அப்பாவைப் பார்த்து ஒரு மனிதர் அப்படிப் பயப்படுவார் என்று எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது. ஓடிவிடலாமா என்று இருந்தது.

அவரே எங்களிடம் வந்தார்.

"வாங்கய்யா. பாப்பாவா? வாம்மா."

"சும்மா இந்தப் பக்கமா வந்தோம்" என்றார் அப்பா.

"சரிங்கய்யா."

ஒரு மாட்டு வண்டி எங்களை ஓரமாக ஒதுங்கவைத்துவிட்டுப் போனது.

"நான் உங்களைப் பாக்க வரக் கூடாதுன்னு வக்கீல் சொல்லிருக்காருங்க" என்றார் தனபால். "நீங்களே வந்துட்டீங்க, அதனால சொல்றேன். அன்னைக்கு ராத்திரி எனக்கு ஒரு சொம்பு தண்ணி குடுத்தீங்களேய்யா. அதை மட்டும் கோர்ட்டுல சொல்லுங்க. வேற எதையும் சொல்ல வேணாம். உங்க மேல தப்பு வர்ற மாதிரி ஒண்ணும் வேணாம். தண்ணி குடுத்தேன், அவ்வளவுதான்."

அப்பா தலையை ஆட்டினார். சரி என்றா, முடியாது என்றா, அந்தத் தலையாட்டலில் எனக்குத் தெரியவில்லை.

தனபால் திரும்பிப் போய் ஒரு முழம் மல்லியை இலையில் சுற்றி எடுத்துவந்து என்னிடம் நீட்டினார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் வாங்கு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் அதைத் தலையில் வைக்கவும் மனம் வரவில்லை, தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. வீடுவரை கையில் பிடித்துக்கொண்டே வந்தேன்.

அன்று மாலைதான் அப்பா, "அந்தக் கோர்ட்டு எபிசோடைப் போடு" என்றார்.

எனக்கு வந்த குறுக்கு விசாரணை

அந்த எபிசோடின் கதை இது. ஒரு கொலை. மீசைக்காரரோடு வேலை பார்க்கும் கூட்டாளி ஒருவன், கேஸ் நிற்க வேண்டுமே என்று, சந்தேகப்பட்டவனின் மேசை டிராயரில் கத்தியைத் தானே கொண்டுபோய் வைத்துவிடுகிறான். மீசைக்காரருக்கு அது தெரியும். கோர்ட்டில் கேட்கிறார்கள். அவர் கூட்டாளியைக் காட்டிக்கொடுக்காமல், கத்தி அங்கேயேதான் இருந்தது என்று சாதிக்கிறார். வெளியே மழை. வழுக்கை அவர் தோளில் தட்டுகிறார். கைவிலங்கு போட்டவனை அழ அழ வண்டியில் ஏற்றுகிறார்கள்.

நல்லவேளையாக மீசைக்காரர் எஸ், நோ என்று பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முப்பது வருடமாக எஸ் சார் சொன்ன அப்பாவுக்கு என் உதவியே தேவைப்பட்டிருக்காது. அவர் சுற்றி வளைத்து நீளமாகப் பேசினார். அந்த நீளத்தில் நான் ஒளிந்துகொண்டேன்.

இதற்கு முன் பார்த்த தடவைகளில் இந்தக் கூண்டுக் காட்சியை அப்பா கவனித்ததில்லை. அவர் கவலையெல்லாம் மகஜரைப் பற்றி. அன்று மாலை திரையையே பார்த்தார். "இப்ப என்ன சொன்னான்?" என்று கேட்டபோது அவர் முகத்தைப் பார்த்தேன். இந்த வீட்டில் யாரும் அவருக்குச் சொல்லாத ஒன்றை அந்த வெள்ளைக்காரன் சொல்வானா என்று எதிர்பார்க்கிற முகம். பொய் வாயில் தானாக வந்துவிட்டது.

வந்த பொய்யைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. அப்பா தொழில்முறையில் வாக்குமூலம் எழுதுகிறவர். ஒருவர் திங்கட்கிழமை சொன்னதையும் வியாழக்கிழமை சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தே வயசானவர். அடுத்த மூன்று வாரத்தில் அந்த எபிசோடை எத்தனை தடவை போட்டிருப்போம் என்று எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் நான் கூண்டில் நின்றேன்.

"கத்தியை யாரு வெச்சதுன்னு சொல்றானா?"

"சொல்றாருப்பா. கூட்டாளி வெச்சதுன்னு."

"பேரைச் சொல்லியா?"

"பேரைச் சொல்லித்தான்."

"அப்ப வக்கீல் ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போறான்? அவனுக்கு சந்தோஷமால்ல இருக்கணும்?"

"வெள்ளைக்காரங்க சந்தோஷத்தை வெளிய காமிக்க மாட்டாங்கப்பா" என்றேன்.

அப்பா மேலே ஓட்டச் சொன்னார். வழுக்கை தோளில் தட்டும் இடம் வந்தது.

"இவன் என்ன சொல்றான்?"

"தைரியமான ஆளுய்யா நீன்னு சொல்றாரு."

உண்மையில் வழுக்கை, பசிக்கிறது, சாப்பிடப் போகலாம் என்கிறார்.

"அவன்தான் தப்பிச்சிட்டானே, பின்ன எதுக்கு விலங்கு மாட்டி அழவெச்சுக் கூட்டிட்டுப் போறாங்க?"

இந்தக் கேள்வி என்றைக்காவது வரும் என்று பயந்துகொண்டே இருந்தேன்.

"அது வேற கேசுல."

"எந்தக் கேசு?"

"முன்னாடி ஏதோ திருட்டுக் கேசு போலருக்கு."

"அது எந்த எபிசோடுல வருது?"

"நம்மகிட்ட இல்லாத கேசட்டுல."

அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ம்" என்றார். ஒரு சாட்சியைப் பார்த்து அவர் சொல்லும் "ம்" அது.

வாய்தாவுக்கு முந்தின சனிக்கிழமை பக்கத்து வீட்டுச் செல்வம் வந்தான். துவாக்குடியில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டு ஹாஸ்டலில் இருந்தவன். சின்ன வயதிலிருந்தே இங்கிலீஷ் மீடியம். "என்ன ஸ்டெல்லா, உங்க வீட்ல தினம் கோர்ட்டு நடக்குதாமே" என்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். திரையில் மீசைக்காரர் கூண்டுப் படியில் ஏறிக்கொண்டிருந்தார்.

இன்னும் அரை நிமிடத்தில் செல்வம் வாயைத் திறப்பான். அப்பா கேட்க வேண்டியதுகூட இல்லை. படித்த படிப்பைக் காட்ட அவனே சொல்லுவான்.

"டெக்கு ஹெட்டு அழுக்காயிடுச்சுப்பா, படம் ஆடுது" என்று சொல்லி எழுந்து கேசட்டை வெளியே இழுத்துவிட்டேன். படம் ஆடவே இல்லை.

"நல்லாத்தானே இருந்துச்சு?" என்றான் செல்வம்.

"இல்ல இல்ல, ஆடிச்சு" என்றார் அப்பா. "நீ காபி சாப்டியாப்பா?"

கூண்டு

வாய்தா அன்று அப்பா பிரஷர் மாத்திரையை மறந்து வைத்துவிட்டுப் போனார். நான் கல்லூரிக்குப் போகாமல் அதை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்கு ஓடினேன். அம்மா தடுக்கவில்லை. ஜெபமாலையோடு மாதா படத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அவள் என்ன வேண்டிக்கொண்டாள் என்று எனக்குத் தெரியும். நான் வேண்டிக்கொண்டதும் மாதாவுக்குத் தெரியும். பாவம், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அவள் என்ன செய்வாள்?

நான் போய்ச் சேர்ந்தபோது டவாலி அப்பாவின் பெயரை மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். அப்பா தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூண்டில் ஏறினார். தனபால் எதிரே கைகட்டி நின்றார். பின் பெஞ்சில் இன்ஸ்பெக்டர், காலை நீட்டியபடி.

அரசு வக்கீல் நோட்டைக் காட்டி, இது உங்கள் கையெழுத்தா என்றார். ஆமாம் என்றார் அப்பா. கைதை நீங்கள்தான் பதிவு செய்தீர்களா? ஆமாம். எத்தனை மணிக்கு? ஒரு மணி என்று எழுதியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் அதே குரல். அரசு வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான், அம்மாதான் ஜெயித்தாள் என்று நினைத்தேன்.

தனபாலின் வக்கீல் எழுந்தார். வயதானவர். அவருக்கே பெரிய நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை.

"பெருக்குக்கு முந்தின நாள் சாயங்காலம் இவர் எங்க இருந்தார்னு உங்களுக்குத் தெரியுமா?"

அப்பா தனபாலைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் நீட்டிய காலை மடக்கிக்கொண்டார். மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தரம் டக் என்று தட்டியது. எத்தனை தட்டு என்று தெரியவில்லை.

"அந்த நோட்டை ஒருதரம் பாக்கணுங்கய்யா" என்று மாஜிஸ்திரேட்டைப் பார்த்துச் சொன்னார் அப்பா.

கொடுத்தார்கள். ஒரு பக்கத்தைத் திருப்பினார்.

"இதுல கீழ ரெண்டு வரி காலியா இருக்குங்கய்யா. நான் தெனம் விடுவேன், மறுநாள் கோடு போட்டு அடச்சிருவேன். நோட்டு முழுக்கப் பாருங்க, இது ஒண்ணுலதான் கோடு இருக்காது. போட மனசு வரலீங்க. இந்த ரெண்டு வரி இவருக்காக விட்டது. சாயங்காலம் ஆறு மணிக்கு இவரைக் கூட்டிட்டு வந்தாங்க. மறுநாள் மத்தியானம் வரைக்கும் எங்க ஸ்டேஷன் பின் ரூம்லதான் இருந்தாரு. சங்கிலி போனது காலைலங்க. ராத்திரி நான்தான் இவருக்குத் தண்ணி குடுத்தேன். எழுத வேண்டியதை எழுதலை. மறுநாள் எழுதக் கூடாததை எழுதினேன். ரெண்டும் என் தப்புங்கய்யா."

டைப் அடிக்கிறவர் கை ஓட வேண்டுமே என்று, வார்த்தை வார்த்தையாக, இடம் விட்டு விட்டுச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு அவர் சரியாக அடித்தாரா என்று எட்டிப் பார்த்தார். முப்பது வருடப் பழக்கம், எங்கே போகும்?

"இதைச் சொன்னா உங்களுக்கே பாதகமா முடியும், தெரியுதா?" என்றார் மாஜிஸ்திரேட்.

"தெரியுங்கய்யா."

தனபால் அழவில்லை. கட்டிய கையை அவிழ்த்துத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். மாத்திரை என் கையிலேயே வேர்வையில் கரைந்து போயிருந்தது.

அதன் பிறகு என்னென்ன ஆயிற்று என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சில மாதத்தில் தனபாலை விடுதலை செய்தார்கள். அப்பாவுக்கு ஒரே வாரத்தில் மெமோ வந்தது. விசாரணை நடந்தது. தொட்டியம் பக்கம் மாற்றினார்கள். கடைசி வருடத்தை வாழைத் தோட்டங்களுக்கு நடுவே பஸ்ஸில் போய் வந்தே கழித்தார். லைன் வீட்டைக் காலி செய்துகொண்டு மன்னார்புரத்தில் வாடகைக்குப் போனோம். மாற்றல் உத்தரவு வந்ததும் அம்மா ஒரு நவநாள் முழுக்க, ஒன்பது நாளும், அப்பாவோடு பேசவில்லை. பத்தாம் நாள் அவருக்குத் தொட்டியம் போக டிபன் பாக்ஸ் கட்டினாள். தார்ப்பாய்ப் பேச்சை மட்டும் அதற்குப் பிறகு அவள் எடுத்ததே இல்லை.

அன்று மாலை

கோர்ட்டிலிருந்து வந்ததும் அப்பா யூனிஃபார்மைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கைலி, பனியன், அதே நாற்காலி. அம்மா சமையலறையில் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாக வைத்துக்கொண்டிருந்தாள்.

"மீசைக்காரரைப் போடு" என்றார்.

"இன்னைக்குமாப்பா?"

"போடு."

போட்டேன். கூண்டு வந்தது. வக்கீல் கேட்டார். மீசைக்காரர் வாயைத் திறந்தார்.

"நிறுத்து" என்றார் அப்பா. "இப்பச் சொல்லு. நெசமா என்ன சொல்றான்?"

திரையில் அந்த முகம் நடுங்கிக்கொண்டிருந்தது.

"பொய் சொல்றாருப்பா. கத்தி அங்கதான் இருந்துச்சுன்னு சொல்றாரு."

"ம்."

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"முப்பது வருஷமா பொய் சொல்றவன் எதிர்ல உக்காந்து எழுதினவன்மா நான். அதுக்கு இங்கிலீஷு எதுக்கு? மொத நாளே மூஞ்சியப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. உன் மூஞ்சியப் பாத்தும்தான்."

அவமானமாக இருந்தது. மூன்று வாரம் நான் பட்ட பாடு எல்லாம் அவருக்குத் தெரிந்தே நடந்திருக்கிறது.

"பின்ன ஏம்ப்பா திரும்பத் திரும்பப் போடச் சொன்னீங்க? செல்வத்துக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லிருப்பானே."

அப்பா எழுந்து டெக்கைத் தானே அணைத்தார். எது எந்தப் பொத்தான் என்று அவருக்கும் தெரியும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"அவன் அந்த மீசைக்காரன் சொன்னதைச் சொல்லிருப்பான்மா" என்றார். "எனக்கு நீ சொல்றதைக் கேக்கணும்னு இருந்துச்சு."